கிஸ்ஸூர் சேணத்தில் ஏற்றிய ஆடு

கிஸ்ஸூருக்கு யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கும் பழக்கம் கிடையாது. போன தடவை பேச்சை எந்த இடத்தில் விட்டானோ அதே இடத்தில் தொடங்குவான். நடுவில் ஒரு குளிர்காலமே போயிருந்தாலும் அப்படித்தான். எங்கள் இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே ஓர் ஓடையும் கம்பி வேலியும் மட்டும்தான். பள்ளிக்கூடத்திலும் ஒரே பெஞ்சு. ஆகவே அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குறை சொல்வதற்கு யோசிக்கவே வேண்டாம். பிடிவாதக்காரன். மூக்குப்பொடி போட்டுப் போட்டு மேலுதடே பழுப்பேறிவிட்டது. குதிரைகளிடம் மட்டும் மெதுவாகப் பேசுவான், மனுஷர்களிடம் கத்துவான். அவன் மனைவி ஒட்னி, அவன் தன்னிடம் அன்பாக ஏதாவது சொன்னால் உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஆனால் எங்கள் வட்டாரத்தின் மலையரசன் அவன்தான். கிரீடமெல்லாம் கிடையாது, ஓட்டை விழுந்த ஒரு கம்பளித் தொப்பி உண்டு. கோடை முழுக்க மேட்டு நிலத்தில் தன்பாட்டுக்கு அலைந்த ஆடுகளை செப்டம்பரில் குதிரையேறிப் போய் எல்லாப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து இறக்குவோம். அந்த ஒரு வாரம் மலையரசன் வைத்ததுதான் சட்டம். யார் எந்த முகட்டில் போக வேண்டும், எங்கே குதிரை மாற்ற வேண்டும், மூடுபனியில் நிற்பதா நகர்வதா, எல்லாம் அவன் வாயிலிருந்து வர வேண்டும். கிஸ்ஸூர் இருபது வருஷமாக அதைச் செய்துவந்தான். அவனிடம் ஒரே ஒரு விதிதான் இருந்தது: மேலே ஒன்றையும் விட்டுவிட்டு வரக் கூடாது. பனி மூடிய பிறகு மேலே மாட்டிக்கொண்ட ஆடு நின்ற இடத்திலேயே பட்டினியில் சாகும். ஒருமுறை யாருடையதோ ஒற்றைக் குட்டிக்காக எங்களை இன்னொரு நாள் எரிமலைச் சாம்பல் வெளியில் அலையவிட்டான். சாப்பாடு தீர்ந்து, கருவாட்டுத் தோலைச் சப்பிக்கொண்டே அவனை வாயாரத் திட்டினோம். குட்டி கிடைத்தது. அவன் அதற்காக ஒன்றும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை, குதிரையைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசியில், மலைக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்திருந்த அவனுடைய பெட்டை ஆடு ஒன்று வேலிக்கம்பத்தில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிறகு தலை நடுங்கியது, பின்னங்கால் பின்னியது. கால்நடை மருத்துவர் வந்து அதைக் கொன்று தலையைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார்.

எங்கள் தொலைபேசிக் கம்பி அப்போது ஊருக்கே பொது. ஒரு வீட்டுக்கு மணியடித்தால் எல்லா வீட்டிலும் கேட்கும். எல்லோரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதும் வழக்கம்தான், அதில் யாருக்கும் வெட்கமில்லை. இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி: கிஸ்ஸூர் வீடு. நானும் எடுத்தேன்.

"நடுக்க நோய்தான், கிஸ்ஸூர்," என்றார் மருத்துவர்.

"அப்படியா," என்றான் கிஸ்ஸூர். "எல்லாரும் கேட்டாச்சுல்ல? வச்சிருங்க. டாக்டர்கிட்ட தனியா பேசணும்," என்றான். அந்த ஒரு தடவை மட்டும் எல்லோரும் வைத்துவிட்டோம்.

அந்த நோய்க்கு மருந்தில்லை. ஓர் ஆட்டுக்கு வந்தால் பண்ணையிலுள்ள அத்தனை ஆட்டையும் கொல்ல வேண்டும். கொட்டகையைச் சுரண்டிக் கழுவி, வாசல் மண்ணைப் பெயர்த்தெடுத்து, இரண்டு வருஷம் வெறுமனே போட்டிருக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடக்கே இப்படிப் போன பண்ணைகள் எத்தனையோ.

என் கவலைக்கு வேறு காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷ வசந்தத்தில் புயலடித்து என் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. குட்டி போடும் நேரம், வெளியே பனிக்காற்று. நான் கேட்கவே இல்லை. கிஸ்ஸூர் விடியும்போதே குதிரையோடு வந்து, திட்டிக்கொண்டே என் ஆடுகள் அத்தனையையும் ஓட்டிப்போய்த் தன் கொட்டகையில் அடைத்தான். என் குட்டிகள் எல்லாம் அவன் வைக்கோலில்தான் பிறந்தன. ஊரே அறிந்த விஷயம் அது. மருத்துவரும் அறிந்ததுதான். நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"யோருன், உங்க மந்தைய இப்போதைக்கு ஒண்ணும் செய்யல. ஆனா அதுல ஒண்ணே ஒண்ணு நடுங்கினாலும் எல்லாம் போயிரும். மலையிலேர்ந்து இறங்கும்போது நல்லா பாத்துக்குங்க."

அன்று சாயங்காலம் கிஸ்ஸூர் வந்தான். சமையலறையில் உட்கார்ந்து, நான் வைத்த காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான்.

"என்னுது போகட்டும்," என்றான். "ரெண்டு வருஷம் கழிச்சு உன்கிட்ட குட்டி வாங்கி மறுபடி ஆரம்பிச்சுக்கறேன். உன்னுதுல பாதி என் கெடாவுக்குப் பொறந்ததுதானே. எங்கேயோ கெடக்கற ஆட்ட வாங்கிட்டு வந்தா அதுக்கு நம்ம மலை தெரியாது."

"அதுக்கு நீ ரெண்டு வருஷம் உசுரோட இருக்கணும்."

"உன் காப்பியக் குடிக்காம இருந்தா இருப்பேன்."

கிண்டலாகச் சொன்னானே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மனுஷன் மிச்சம் வைத்திருந்த நம்பிக்கை மொத்தமும் என் ஆடுகள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வருஷம் அவன் வரமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கிளம்பும் காலையில் மூன்று குதிரைகளோடு வந்து நின்றான். முன்னால் மோல்டி, மண்ணிறத்தில் கருப்புப் பிடரியோடு, ஆற்றைப் பார்த்தால் காது விடைத்து நிற்கும் குதிரை. மற்ற இரண்டும் மாற்றுக் குதிரைகள். எல்லோரும் தங்கள் மூட்டைகளைக் கட்டுவதில் மும்முரமானார்கள். அடுத்த பள்ளத்தாக்குக்காரன் தூமிக்கு மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"கிஸ்ஸூர், கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. உன் ஆடு எப்படியும் போகப் போவுது. மேல கண்ட இடத்துலேயே சுட்டுட்டா என்ன? அதுங்களுக்கும் நட மிச்சம், நமக்கும் மிச்சம்."

கிஸ்ஸூர் சேணவாரை இழுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"உன் மாமியாருக்கும் வயசாயிருச்சு. அவங்களையும் கண்ட இடத்துல சுட்டுரலாமா?"

"அவங்கள மட்டும்னா ஏற்பாடு பண்ணலாம்," என்றான் தூமி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை கிஸ்ஸூர் காத்திருந்தான்.

"என் ஆடு என்னோட கீழ வரும். அதுக்கப்புறம் நடக்கறது நடக்கட்டும். ஏறுங்க."

முதல் நாள் ஆற்றோடு ஏறினோம், ஒரே ஆற்றை எத்தனையோ தடவை கடந்து. சேணமில்லாத குதிரைகள் முன்னால் கூட்டமாக ஓட, நாங்கள் பின்னால். இரண்டாம் நாள் பாசி படர்ந்த குன்றுகள் முடிந்து, பாறையிலிருந்து ஆவி வரும் இடம் வந்தது. கந்தக நாற்றத்தில் குதிரைகள் மூக்கைச் சீறின. அதற்கு மேல் கருஞ்சாம்பல் வெளிதான். குதிரைக் குளம்பு அதில் சத்தமே போடாது. பக்கத்தில் வருகிறவன் இருக்கிறானா விழுந்துவிட்டானா என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஆடுகள் கிடைத்தன. முகட்டுக்கு முகடு வெள்ளையும் கருப்புமாக இறங்கி வந்தன. அந்தக் கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. குட்டிகள் கழுத்துப் பெருத்து, நடக்கவே சோம்பல்பட்டன. அதிலும் கிஸ்ஸூருடையவைதான் நல்ல கொழுப்பு. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு கூட்டம் சேரும்போதும் அவன் குனிந்து காதுகளில் வெட்டியிருந்த குறியைப் பார்ப்பான். தன்னுடையதானால் முதுகில் ஒரு தட்டு. நோஞ்சானாக இரண்டு இருந்திருந்தாலாவது மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும்.

குடிசையில் சாயங்காலம் புகையூட்டிய ஆட்டிறைச்சியும் தட்டை ரொட்டியும் தின்றோம். வழக்கமாக அந்த நேரத்தில் கூரை இடியப் பாட்டு நடக்கும். தூமி ஒரு அடி எடுத்தான், பாதியில் நிறுத்திவிட்டான்.

"பாடேண்டா," என்றான் கிஸ்ஸூர். "சாகப் போறது ஆடு. நீ இல்ல."

தூமி பாடினான். ஆனால் வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை, அவனும் சீக்கிரம் முடித்துவிட்டான்.

நாலாம் நாள் எல்லோரையும் கீழ்நோக்கி அனுப்பிவிட்டு, என்னை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு பனிமலை உருகி ஓடும் ஆற்றுக்குப் போனான். அக்கரையில், உறைந்த எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கு நடுவே, வெந்நீர் ஊற்றையொட்டிக் கொஞ்சம் பசும்புல் உண்டு. பிந்திய ஆடுகள் அங்கேதான் போய் ஒண்டும். மூடுபனி விலகியதும் மூன்று தெரிந்தன. இரண்டு அவனுடையவை. மூன்றாவது என்னுடைய பிளெக்கா, நெற்றியில் கருப்புத் திட்டு உள்ள பெட்டை, மூன்று ஈற்றுக்காரி.

பிளெக்கா புல் மேயவில்லை. பாறையில் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சொரசொரத்த கருப்புப் பாறை நெடுக அதன் ரோமம் ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்து ஓடப் பார்த்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எழுந்து நின்றபோது தலை சன்னமாக ஆடிக்கொண்டே இருந்தது.

நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். மோல்டியை ஆற்றில் இறக்கினான்.

அந்த ஆற்றுத் தண்ணீர் சாம்பல் கரைந்து கலங்கியிருக்கும், அடி தெரியாது. நேற்றுப் போன தடம் இன்று பள்ளமாகியிருக்கும். மோல்டி காலை ஊன்றி ஊன்றிப் பார்த்து, நீரோட்டத்தோடு சரிந்து போய், மறுகரை ஏறியது. மூன்றையும் அவன் தண்ணீரில் விரட்டினான். முதல் இரண்டும் நீந்தி வந்துவிட்டன. பிளெக்கா நடு ஆற்றில் கவிழ்ந்தது. கிஸ்ஸூர் குதிரையிலிருந்தே தாவி இறங்கி, மார்பளவு பனித்தண்ணீரில் நின்று, ஒரு கையில் ஆட்டுக் கொம்பும் மறுகையில் மோல்டியின் வாலுமாகப் பிடித்துக்கொள்ள, குதிரை இரண்டு பேரையும் நான் நின்ற கரைக்கு இழுத்துவந்தது. அவன் செத்துத் தொலைவான் என்றே நினைத்தேன். ஒரு நொடி, அதுதான் அவனுக்கு நல்லது என்றும் தோன்றியது.

ஆடு கரையில் நின்று நடுங்கியது. அவனும் நடுங்கினான்.

"நனைஞ்சிருக்கு," என்றான். "அதான் நடுங்குது."

"நனையறதுக்கு முந்தியே நடுங்குச்சு."

"உனக்குக் கண்ணு சரியில்ல. கண்ணாடி போடுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"கிஸ்ஸூர்."

அவன் சேணப் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். காலொடிந்து நடக்க முடியாத ஆட்டுக்கென்று மலையரசன் வைத்திருப்பது. அப்படிச் சுட்டால் காதை அறுத்துக் கொண்டுபோய் உடையவனிடம் கொடுக்க வேண்டும். காதுக் குறியைப் பார்த்துக்கொண்டு அவனும் சரியென்று விட்டுவிடுவான். அதுதான் வழக்கம்.

"ரெண்டு காதையும் உன் பையில போட்டுக்க," என்றான் கிஸ்ஸூர். "உடம்ப பாறை இடுக்குல போட்டுக் கல்லடுக்கிருவோம். காலு ஒடிஞ்சிருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நான் சொன்னா எவனும் திருப்பிக் கேக்க மாட்டான்."

உண்மைதான், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருபது வருஷமாக ஒரு பொய் சொல்லாமல் சேர்த்துவைத்த பெயரை அந்த ஒரு ஆட்டுக்காகச் செலவழிக்கத் துணிந்துவிட்டான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். என் கொட்டகை நிறைய ஆடுகள், வரப்போகும் குளிர்காலம், ஆடில்லாத வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்பது, எல்லாம் சேர்ந்து கண்முன் வந்து நின்றன.

"சுடு," என்றேன். "சுட்டுட்டா நான் தப்பிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு நீ குட்டி கேட்டு வருவ. நான் எதோட குட்டியத் தருவேன்? இதோட மகளுதான். கழுவிச் சுரண்டி வச்ச கொட்டாய்ல நீயே அத ஓட்டிட்டுப் போய் கட்டுவ. மறுபடி அந்த போன் மணி அடிக்கும். அப்பவும் நான் எடுத்துக் கேக்கணுமா?"

மோல்டி உடம்பை உதறித் தண்ணீரைத் தெளித்தது. கிஸ்ஸூர் பொடி டப்பாவை எடுத்துப் புறங்கையில் கொட்டினான். முகர்வதற்குள் பொடி முழுக்கச் சாம்பலில் சிந்தியது. சிந்திய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது வருஷத்துக்கு மேல் தெரிந்த முகம். அன்றைக்குத்தான் அது கிழட்டு முகம் என்று தெரிந்தது.

"தலைய மட்டும் கொண்டுபோனாப் போதும், டாக்டருக்கு," என்றான் கடைசியில்.

"முழுசா வரட்டும். மேல எதையும் விட்டுட்டு வரக் கூடாதுன்னு கத்தறவன் நீதானே."

தோட்டாவை உருவிப் பையில் போட்டான். பிளெக்காவைத் தூக்கி மோல்டியின் சேணத்தின் மேல் குறுக்கே கிடத்தி, எண்ணெய்த்துணியில் சுற்றி வைத்திருந்த தன் மாற்றுச் சட்டையால் போர்த்திக் கட்டினான். மாற்றுக் குதிரைகள் மற்றவர்களோடு போய்விட்டன. என் குதிரையைக் கொடுத்தேன், வாங்கவில்லை. நனைந்த துணியோடு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சாம்பல் வெளியில் நடந்தான். ஆட்டின் நடுக்கம் மோல்டிக்கு முதுகில் தெரிந்திருக்கும். அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்த்தது. அவன் குதிரையிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே போனான். எனக்குக் கேட்கவில்லை.

மலையரசன் நடந்து வருவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தபோது தூமி குதிரையை எங்களை நோக்கி ஓட்டிவந்தான்.

"காலு ஒடிஞ்சிருச்சா?"

கிஸ்ஸூர் என்னைப் பார்த்தான். அப்போதும் அவன் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது, வேண்டுமானால் இப்போதும் சொல்லலாம் என்று.

"காலு நல்லாதான் இருக்கு," என்றேன்.

தூமி பிளெக்காவின் தலையைப் பார்த்தான். ஆட்டோடு பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தொப்பியைக் கழற்றினான், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான். அந்த வாயாடி ஊர் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

ஆடுகளைப் பண்ணைவாரியாகப் பிரிக்கும் பட்டி வட்டமானது. நடுவில் எல்லா ஆடும் கலந்து நிற்கும். சுற்றிலும் பண்ணைக்கு ஒரு தடுப்பு. காதைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, தொடையிடுக்கில் இடுக்கி, அவரவர் தடுப்புக்கு இழுத்துப்போக வேண்டும். குழந்தை குட்டிகள், காப்பிக் குடுவை, ஒளித்துவைத்த சாராயம், பாட்டு என்று அமளிதுமளிப்படும் நாள் அது. அன்று கிஸ்ஸூரின் தடுப்பு வாசலில் இரண்டு லாரிகள் பின்பக்கம் காட்டி நின்றன. லாரியில் ஆடு ஏற்றும் பலகையடியில் மருத்துவர் நின்றார். பாட்டு எதுவும் இல்லை.

கிஸ்ஸூர் பிளெக்காவைச் சேணத்திலிருந்து இறக்கினான். காதைப் பார்த்து, சத்தமாக என் பண்ணைப் பெயரைச் சொன்னான். அது அவன் கடமை. எல்லோரும் என் தடுப்பைப் பார்த்தார்கள். நான் கொம்பைப் பிடித்து இழுத்துப்போய் அவனுடைய தடுப்பின் கதவைத் திறந்தேன்.

மருத்துவர் ஒருமுறை குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் அதிகம் சொல்லப் போவதில்லை. என் குறி போட்ட ஆடு ஒவ்வொன்றும் அந்தக் கதவு வழியாகப் போனது. உதவிக்கு வந்தவர்களைக் கிஸ்ஸூர் கிட்டவே விடவில்லை. அவனுடையதையும் என்னுடையதையும் அவனே கொம்பைப் பிடித்து ஏற்றினான். எல்லாம் கொழுத்த ஆடுகள். மத்தியானத்துக்குள் அவன் கை கொப்புளித்துக் கிழிந்துவிட்டது. கடைசி லாரி கிளம்பியதும் இருவரும் காலிப் பட்டியில் தடுப்புப் பலகை மேல் உட்கார்ந்தோம்.

"அன்னிக்கு உன் ஆடுங்கள என் கொட்டாய்ல விட்டிருக்கக் கூடாது," என்றான்.

"விடலைன்னா அன்னிக்கே பனியில போயிருக்கும்."

"இப்பவும் போயிருச்சே."

எழுந்து பட்டிக் கதவைச் சாத்தினேன்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் இரண்டு வீட்டிலும் விடிந்து எழுந்து செய்வதற்கு வேலையில்லை. ஒட்னி கடற்கரை ஊரில் மீன் வெட்டும் வேலைக்குப் போய், வாரக் கடைசியில் மட்டும் வந்தாள். பிறகு எல்லா வாரமும் வரவில்லை. வேலைக்காரர்கள் வந்து கிஸ்ஸூர் வாசல் மண்ணையும் என் வாசல் மண்ணையும் பெயர்த்தெடுத்தார்கள். அவன் என்னைப் பார்க்க வருவதும் குறைந்தது. வந்தால், நான் காப்பி வைத்தால், ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனான். அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அடுத்த செப்டம்பர் வந்தது. எத்தனை ஆடு இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் மலைக்கு ஆள் கேட்பார்கள். ஆடில்லாத பண்ணையை யாரும் கூப்பிடுவதில்லை. தூமி மலையரசனாகியிருந்தான். அவர்கள் கிளம்ப ஒரு நாள் இருந்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. போனேன்.

கிஸ்ஸூர் வாசலில் குந்தி, மோல்டியின் பின்னங்காலை மடியில் வைத்து லாடம் அடித்துக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு குதிரைகளுக்கும் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. வாய் நிறைய ஆணி.

"எங்க கெளம்பிட்ட?" என்றேன்.

அவன் தலை நிமிர்ந்தான். மடியில் இருந்த குளம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒவ்வோர் ஆணியாக வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

"கை தன்னால செஞ்சிருச்சு," என்றான்.

குறடை எடுத்துவந்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், அவன் பிடுங்கினான். ஒரு குதிரை, பிறகு அடுத்தது, பிறகு மோல்டி. ஒரு நாள்கூட ஓடாத புது லாடங்கள். சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டான்.

அவிழ்த்துவிட்ட குதிரைகள் மேயப் போகவில்லை. லாடம் அடித்தால் மறுநாள் மலைதான் என்று அவற்றுக்குத் தெரியும். பிடுங்கினால் என்னவென்று தெரியாது. மூன்றும் நேராகப் போய் மலைப்பக்கக் கதவடியில் நின்றன, மோல்டி முன்னால். பொழுது சாயும்வரை அங்கேயே நின்றன. அவன் வரமாட்டான் என்று தெரிந்தபின், நான்தான் போய் விரட்டிவிட்டேன்.